பரிசு, பரிசோதனை, பரிசுத்தம்: நல்ல தமிழ் மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போகிறது

மண்டபத்தில் நண்டும் கருவாடும் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் சின்ன நிறுவனம் ஒன்றில் கணினி வேலையெல்லாம் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது. சொந்த மெயில் சர்வர். இயங்குதளம் டெபியன் 12, மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் வைத்துக் கொடுக்க டவ்காட், ஸ்பாமை வடிகட்ட ஸ்பாம்அசாசின் 4.0. மொத்தம் 14 மெயில் பெட்டிகள். ஸ்பாம் கூடிவிட்டது என்று முதலாளி சத்தம் போட்டதும், ஸ்பாம் என்று முடிவுகட்டும் ஸ்கோர் அளவை 5-இலிருந்து 3-ஆகக் குறைத்தார். தமிழில் வரும் லாட்டரி மெயில்களுக்காகச் சொந்தமாக ஏழெட்டு விதிகள் எழுதினார். ‘இவங்க மெயில் எப்பவும் வரணும்’ என்று சில முகவரிகளை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தார். இப்போது ஆய்வகத்திலிருந்து வரும் நண்டு மாதிரிப் பரிசோதனை அறிக்கையும், சந்தியாகப்பர் திருவிழா அழைப்பும் ஸ்பாம் பெட்டியில் கிடக்கின்றன. நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்தே வந்தது போல வேஷம் போட்ட போலி பில் மட்டும் இன்பாக்ஸில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. “அண்ணே, எந்த விதிய எடுக்கணும், எதுக்கு ஸ்கோர் ஏத்தணும்?” என்று கேட்கிறார். இரண்டு மெயில்களின் ஹெட்டரையும் (மெயிலின் மேலே சர்வர்கள் எழுதி வைக்கும் குறிப்பு வரிகள்) கூடவே அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு காரியத்தால் என் வேலை பாதி குறைந்தது.

தம்பி, இப்போதைக்கு எந்த ஸ்கோரையும் தொடாதீர்கள். ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். ஸ்பாம்அசாசின் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்வதில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் எந்தெந்த விதி பட்டது, எவ்வளவு ஸ்கோர் கூடியது என்று எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் வரியில் கணக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறது. ஏலக்கூடத்துச் சீட்டு மாதிரி அது. சீட்டைப் பார்க்காமல் விலையைப் பற்றிச் சண்டை போட முடியாது.

நீங்கள் அனுப்பிய முதல் சீட்டைப் பார்ப்போம். பரிசோதனை அறிக்கை மெயில், மொத்தம் 5.7. அதில் 3.0 உங்கள் சொந்த ‘பரிசு’ விதி கொடுத்தது. 2.8 கொடுத்தது அன்வான்டட்_லாங்குவேஜ்_பாடி என்ற விதி. அனுப்பிய டொமைனை உறுதிசெய்யும் டிகேஐஎம் கையொப்பம் சரியாக இருந்ததற்காக 0.1 கழிந்திருக்கிறது. அவ்வளவுதான், ஸ்கோர் என்று சொல்லும்படி வேறு ஒன்றும் இல்லை. அதாவது வெளியிலிருந்து எந்தக் குற்றச்சாட்டும் இந்த மெயில் மேல் இல்லை. 5.8 புள்ளியும் நீங்களே எழுதி வைத்த இரண்டு வரிகளின் கைங்கரியம்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். லோக்கல்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பில் ஓகே_லாங்குவேஜஸ் என்ற வரியில் ஆங்கிலத்தை மட்டும் போட்டிருக்கிறீர்கள். சீன, ரஷ்ய மொழி ஸ்பாமைத் தடுக்கத்தான் போட்டிருப்பீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் மொழியைக் கண்டுபிடிக்கும் டெக்ஸ்ட்கேட் செருகி அந்த வரியை நம்பி, தமிழில் ஒருவன் “வணக்கம், நலமா” என்று எழுதினாலே 2.8 தண்டம் போடுகிறது. நீங்களோ வாசலை 3-இல் வைத்திருக்கிறீர்கள். தமிழில் எழுதுகிற ஆள் இன்னும் 0.2 வாங்கினால் போதும், ஸ்பாம். அந்த வரியில் தமிழையும் சேர்க்கலாம், டெக்ஸ்ட்கேட்டுக்குத் தமிழ் தெரியும். ஆனால் என் யோசனை, அந்த வரியையே எடுத்துவிடுங்கள் என்பதுதான். நம் பக்கத்து மெயில் ஒரே மொழியில் இருப்பதில்லை. “அண்ணே பில் அனுப்புங்க” என்பதை ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். அதை இந்தச் செருகி எந்த நாட்டு மொழி என்று நினைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கீழக்கரைக்காரர்கள் வளைகுடாவிலிருந்து அனுப்பும் மெயிலில் விஷயம் இரண்டு வரி, கீழே கம்பெனியின் அரபு அறிவிப்பு இருபது வரி. மொழியைப் பார்த்து ஆளை எடை போடும் வேலை இந்தக் கரைக்கு ஒத்துவராது.

இப்போது உங்கள் ‘பரிசு’ விதிக்கு வருவோம். இதில்தான் தமிழில் விதி எழுதும் எல்லோரும் விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியது இது: பரிச[ுை]. பரிசு, பரிசை இரண்டையும் ஒரே வரியில் பிடிக்க நினைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இப்படிச் சதுர அடைப்புக்குள் இரண்டு எழுத்தைப் போட்டால் ‘இதில் ஏதாவது ஒன்று’ என்று அர்த்தம். தமிழில் அப்படி இல்லை, ஏனென்றால் ஸ்பாம்அசாசின் விதிகள் எழுத்துகளைப் பார்ப்பதில்லை, பைட்டுகளை, அதாவது எழுத்தைக் கணினி சேமித்து வைக்கும் எண்களைப் பார்க்கின்றன. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் (‘சு’ என்றால் ச ஒரு குறி, உகரம் இன்னொரு குறி) மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதில்தான் பெரும்பாலும் வித்தியாசமே தெரியும். உகரக் குறி 224, 175, 129. ஐகாரக் குறி 224, 175, 136. நீங்கள் சதுர அடைப்புக்குள் போட்டது இரண்டு குறிகள் அல்ல, நான்கு பைட்டுகள்: 224, 175, 129, 136. ‘பரிச’வுக்கு அடுத்து இந்த நான்கில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

எந்தத் தமிழ் எழுத்து வந்தாலும் முதல் பைட் 224 தானே! அப்படியானால் ‘பரிச’வுக்குப் பின் எந்தத் தமிழ்க் குறி வந்தாலும் விதி பட்டுவிடும். பரிசோதனை மாட்டும். பரிசீலனை மாட்டும். பரிசல்கூட மாட்டும். “தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது” என்று ஓர் அலுவலகம் பதில் அனுப்பினால் அதுவும் லாட்டரிதான் உங்கள் சர்வருக்கு.

சரி, சதுர அடைப்பை எடுத்துவிட்டு வட்ட அடைப்பில் இடையே கோடு போட்டு பரிச(ு|ை) என்று எழுதினால்? பரிசோதனை தப்பிவிடும். இப்படிப் போட்டால் குறி முழுசாக, மூன்று பைட்டும் சேர்ந்துதான் பொருந்தவேண்டும். தமிழில் விதி எழுதும்போது சதுர அடைப்பையே மறந்துவிடுங்கள், எல்லா இடத்திலும் இந்தக் கோடு முறைதான்.

ஆனால் திருவிழா அழைப்பு இன்னும் மாட்டும். அழைப்பைத் திறந்து பாருங்கள், எங்கோ ஓரிடத்தில் ‘பரிசுத்த’ என்ற சொல் இருக்கும். பரிசுத்தத்துக்குள் பரிசு இருக்கிறது, என்ன செய்வது! உடனே உங்களுக்கு யோசனை வரும்: சொல்லின் இரண்டு பக்கமும் எல்லைக் குறி, அதுதான் அந்தப் பின்சாய்கோடு-பி (\b), போட்டுவிட்டால் தனிச் சொல்லாக வரும் ‘பரிசு’ மட்டும் பிடிபடுமே என்று. போட்டுப் பார்த்தால் எல்லா மெயிலும் அமைதியாகத் தாண்டிப் போகும். நான் இதை ஒரு வாரம் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தவறான பிடிப்பு ஒன்றுகூட இல்லையே என்று. சரியான பிடிப்பும் ஒன்றுகூட இல்லை என்று பிறகுதான் பார்த்தேன். எல்லைக் குறி என்பது சொல்லெழுத்தும் சொல்லெழுத்து அல்லாததும் சந்திக்கும் இடம். பைட்டாகப் பார்க்கும்போது 224-ஐச் சொல்லெழுத்து என்றே அது கணக்கில் கொள்வதில்லை. ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் 224. இரண்டுமே ‘சொல்லெழுத்து அல்லாதது’. அதனால் அங்கே எல்லையே இல்லை. சொல்லின் இருபுறமும் எண்ணோ ரோமன் எழுத்தோ இடைவெளியில்லாமல் ஒட்டி நின்றால் மட்டும் பொருந்தும். அப்படி யார் எழுதுகிறார்கள்?

இன்னும் இருக்கிறது. லாட்டரிக்காரன் அதிகம் எழுதும் சொல் ‘பரிசுத்தொகை’. இதுவும் ‘பரிசுத்தம்’ என்பதும் ‘பரிசுத்த’ வரைக்கும் ஒன்றாகவே போகின்றன. ‘தொ’ என்ற இடத்தில்தான் பிரிகின்றன. அப்படியானால் ‘பரிசுத்தொ’ வரை எழுதிவிட்டால் தேவாலயம் தப்பும், லாட்டரி மாட்டும் என்று நினைப்போம். சரியான யோசனைதான், ஆனால் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் போடலாம். எகரக் கொம்பு தனியாக, கால் தனியாக என்று இரண்டு குறிகளாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அடித்துச் சத்தியம் செய்தாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முதல் வகையில் மூன்று பைட், இரண்டாவதில் ஆறு. உங்கள் விசைப்பலகை ஒரு விதமாகத் தரும், அனுப்பியவனின் மென்பொருள் இன்னொரு விதமாகத் தரும், விதி பொருந்தாது. ஓகாரம், ஔகாரத்துக்கும் இதே கதை. அதனால் இந்த மூன்றும் வரும் இடத்தில் இரண்டு வடிவத்தையும் கோடு போட்டு எழுதிவிடுங்கள். பார்க்கிறவருக்கு ஒரே எழுத்தை இரண்டு முறை எழுதிய பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மேலே ஒரு குறிப்பு வரி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே ‘தேவையில்லாதது’ என்று அழித்துவிடுவீர்கள்.

இதே காரணத்தால் இன்னொரு சின்னத் தவறும் உங்கள் கோப்பில் இருக்கிறது. ‘பரிசு’வுக்கும் ‘விழுந்த’வுக்கும் நடுவே 40 எழுத்து வரை இருக்கலாம் என்று 40 போட்டிருக்கிறீர்கள். அது 40 பைட். தமிழில் 13 குறிதான் வரும். ‘மீன்’ என்பதே நான்கு குறி, 12 பைட் என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 150 என்று வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், ஒரு சொல்லுக்கு 3.0 என்று ஸ்கோர் கொடுப்பது என் மனதுக்கு ஒப்பாது. நம் ஊரில் பரிசு என்பது லாட்டரிக்காரனின் தனிச்சொத்து இல்லை. பள்ளி ஆண்டுவிழா, கபடிப் போட்டி எல்லாவற்றிலும் பரிசு உண்டு. நான் செய்வது இப்படி. ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்ற வகைச் சொற்றொடருக்கு ஒரு விதி. லட்சம், கோடி என்று பணம் பேசுவதற்கு ஒரு விதி. பதில் அனுப்பவேண்டிய முகவரி ஏதாவது இலவச மெயில் முகவரியாக இருப்பதற்கு ஒரு விதி. மூன்றின் பெயரும் இரண்டு அடிக்கோட்டில் தொடங்கவேண்டும். அப்படித் தொடங்கினால் அவற்றுக்குத் தனி ஸ்கோர் கிடையாது. பிறகு மெட்டா விதி ஒன்று: மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் 2.5. பெயரில் அடிக்கோடு போட மறந்து, ஸ்கோர் வரியும் எழுதாமல் விட்டால் ஒவ்வொன்றுக்கும் தானாக 1.0 வந்துவிடும், அதைக் கவனியுங்கள். புது விதியை ஒத்திகை பார்க்க வேண்டுமானால் பெயரை டி-அடிக்கோடு (T_) என்று தொடங்குங்கள். அதற்கு 0.01 மட்டும் போடும். மெயில் எங்கும் போகாது, சீட்டில் பெயர் மட்டும் வரும். இரண்டு வாரம் அப்படி ஓடவிட்டு, யார் யார் மேல் படுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஸ்கோர் கொடுப்பேன்.

இடையில் ஒன்று. மெயிலின் தலைப்புக்கென்று தனியாக ஒரு விதியும், உள்ளடக்கத்துக்கு அதே சொல்லில் இன்னொன்றும் வைத்திருக்கிறீர்கள். உள்ளடக்க விதி தலைப்பையும் முதல் வரியாகச் சேர்த்தே பார்க்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு முறை அபராதம். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இப்போது இரண்டாவது சீட்டு, அந்தப் போலி பில். மொத்தம் -95.8. மைனஸ்! அதில் ஒரு வரி: யூசர்_இன்_ஒயிட்லிஸ்ட், -100. உங்கள் சொந்த டொமைன் முழுவதையும் நம்பிக்கைப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். இதுதான் நான் அதிகம் பார்த்த தவறு, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிற தவறும்கூட. அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தபால் உறையின் பின்பக்கம் எழுதுவது மாதிரி. ஏமாற்றுக்காரன் முதலில் போடும் வேஷமே உங்கள் முதலாளி முகவரிதான். அந்த வேஷத்துக்கு நீங்கள் -100 என்று பாஸ் கொடுத்து வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். அதே கோப்பில் ஜிமெயில் முழுவதற்கும் ஒரு வரி இருக்கிறது. ஒரு வாங்குபவர் ஜிமெயில் வைத்திருக்கிறார் என்பதற்காக உலகத்து ஜிமெயில் எல்லாவற்றுக்கும் கதவைத் திறப்பதா?

இரண்டையும் இன்றே எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே நம்பவேண்டிய ஆய்வகம், கப்பல் ஏஜெண்ட் போன்றவர்களுக்கு முழு முகவரியை எழுதி, வெல்கம்லிஸ்ட்_ஆத் என்ற வகையில் சேருங்கள். 4.0-இல் வந்த பெயர் இது, ஒயிட்லிஸ்ட்_ஆத் என்ற பழைய பெயரும் அதில் ஓடும். எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்களின் பட்டியல்) அல்லது டிகேஐஎம் சோதனையில் தேறினால் மட்டுமே இது செல்லுபடியாகும்; வேஷக்காரனுக்குக் கிடைக்காது. உங்கள் சொந்த டொமைனுக்கு நம்பிக்கைப் பட்டியலே தேவையில்லை. உங்கள் ஆட்கள் கடவுச்சொல் கொடுத்து 587-ஆம் போர்ட் வழியாக அனுப்புகிறார்கள். அந்த வழியை ஃபில்டருக்குள் விடாமல் தனியாக அனுப்பிவிடுங்கள். அப்புறம், கடவுச்சொல் கொடுக்காத யாரும் உங்கள் டொமைன் பெயரில் உறை முகவரி (சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் முகவரி) போட்டு வந்தால் போஸ்ட்ஃபிக்ஸே மறுக்கும்படி ஒரு வரி வைக்கலாம். உறையில் வேறு முகவரி, உள்ளே உங்கள் முகவரி என்று வருகிறவனுக்கு டிமார்க் (உள்ளே தெரியும் முகவரியோடு எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) வேண்டும், ஸ்பாம்அசாசின் 4.0-இல் அதற்கென்று செருகியே வந்துவிட்டது.

அந்த -100 இல்லாவிட்டால் போலி பில்லின் ஸ்கோர் 4.2 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். “அளவு 5 என்றால் தப்பிவிடுமே, அதனால்தான் 3 வைத்தேன்” என்பீர்கள். இல்லை தம்பி. ஆளைப் பிடிக்கவேண்டிய இரண்டு பெரிய வலைகள் உங்கள் சர்வரில் தண்ணீரிலேயே இறங்கவில்லை. அதனால்தான் கண்ணைச் சின்னதாக்கிக்கொண்டே போகிறீர்கள், குஞ்சும் கூனியும் சேர்ந்து ஏறுகின்றன.

முதல் வலை பேயஸ், முன்பு படித்த மெயில்களின் சொற்களை வைத்து ஸ்பாமா என்று கணிக்கும் முறை. இரண்டு சீட்டிலும் பேயஸ் என்ற சொல்லே இல்லை. பேயஸ் ஓடினால் 00-இலிருந்து 99 வரை ஏதாவது ஓர் எண்ணோடு கட்டாயம் ஒரு வரி இருக்கும். குறைந்தது 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் கற்றுக்கொடுக்காமல் அது வாயே திறக்காது. “தினமும் கற்றுக்கொடுக்கிறேனே” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த யூசராக உட்கார்ந்து?

நான் கீழக்கரையில் ஒரு கடைக்குச் சர்வர் வைத்துக் கொடுத்தபோது மூன்று மாதம் ராத்திரி ராத்திரி எஸ்ஏ-லேர்ன் என்ற கற்றுக்கொடுக்கும் கட்டளையை ஓட்டினேன், ரூட்டாக, அதாவது சர்வரின் தலைமை யூசராக. ரூட்டின் வீட்டுக் கோப்புறையில் ஆயிரக்கணக்கான மெயில் படித்த அருமையான பேயஸ் உருவாகியிருந்தது. ஃபில்டர் ஓடியதோ வேறு யூசராக; அதன் கோப்புறையில் ஒரு மண்ணும் இல்லை. படித்தவன் ஒருத்தன், பரீட்சை எழுதியவன் வேறொருத்தன். உங்களுக்கும் இதேதான் நடக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். ஃபில்டர் எந்த யூசராக ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். டெபியனில் டெபியன்-ஸ்பாம்டி என்று இருக்கலாம், அமாவிஸ் என்ற இடை மென்பொருள் வழியாக ஓட்டினால் அமாவிஸ் யூசர். சூடோ போட்டு அந்த யூசராக மாறி, எஸ்ஏ-லேர்னில் டம்ப் மேஜிக் கேளுங்கள். எத்தனை ஸ்பாம், எத்தனை நல்லது என்று இரண்டு எண்கள் வரும். இரண்டும் பூஜ்யம் என்றால் விஷயம் வெளிச்சம்.

கற்றுக்கொடுக்கும்போது நல்ல மெயிலையும் சரிக்குச் சரி கொடுங்கள். தமிழ் நல்ல மெயிலைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுங்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பேயஸ் மெயிலைச் சொல் சொல்லாகப் பிரித்து நினைவில் வைக்கிறது. 15 பைட்டுக்கு மேல் நீளும் தமிழ்ச் சொல்லைத் துண்டு போட்டுவிடும். ‘மீன்’ 12 பைட், முழுசாகப் போய்ச் சேரும். ‘கருவாடு’ 21 பைட். க, ர என்று தனித்தனியாக உதிர்ந்துதான் போகும். உங்கள் நிறுவனத்தின் முக்கால்வாசி வியாபாரம் பேயஸ் கண்ணில் உதிரி எழுத்துகள்தான். ஆங்கிலத்தில் சீக்கிரம் தேறுவது தமிழில் கொஞ்சம் மெதுவாகத் தேறும். ஆனாலும் தேறும். தேறிய பிறகு அந்தப் போலி பில் மாதிரி மெயிலுக்குப் பேயஸ்_99 ஒன்றே 3.5 கொடுக்கும், 4.2-உடன் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது வலை, இணையத்தில் இருக்கும் கறுப்புப் பட்டியல்கள். முதல் சீட்டின் வால் பகுதியில் யூஆர்ஐபிஎல்_பிளாக்டு என்று ஒன்று இருக்கிறது, ஸ்கோர் 0.001 என்பதால் நீங்கள் கண்டுகொள்ளவில்லை. அது விதி இல்லை, புகார். “உன் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன்” என்று அந்தப் பட்டியல் சொல்லியிருக்கிறது. உங்கள் சர்வர் டொமைன் பெயர் தேடுவதற்கு (டிஎன்எஸ்) கூகுளின் பொதுச் சேவையான 8.8.8.8-ஐக் கேட்கிறது, இல்லையா? ஊரே அதைத்தான் கேட்கிறது; அத்தனை பேர் கேள்வியும் ஒரே வாசலிலிருந்து வருவதால் பட்டியல்காரர்கள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, வேறு யாருக்கும் அனுப்பாமல் தானே தேடும்படி வைத்து, ஸ்பாம்அசாசினை அதே சர்வரைக் குறிக்கும் 127.0.0.1-ஐக் கேட்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. பல சர்வர்களில் இந்த ஒன்றைச் செய்ததுமே ஸ்பாம் கண்கூடாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

இதே விஷயம் போஸ்ட்ஃபிக்ஸில் எதிர்மாறாகக் கடிக்கும். அங்கே ஸ்பாம்ஹாஸ் ஜென் என்ற கறுப்புப் பட்டியலை வைத்து நேரடியாக மறுப்பவர்கள் உண்டு. பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஜென் 127.255.255.254 என்று பதில் தரும். ‘இப்படிக் கேட்காதே’ என்று அர்த்தம். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது புரியாது. ஏதோ பதில் வந்தது, ஆள் பட்டியலில் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, வருகிற மெயிலையெல்லாம் திருப்பி அனுப்பும். அதனால் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை வந்தால் மட்டும் மறு என்று எல்லை கட்டி எழுதுங்கள்.

பழைய ஹோஸ்டிங்கிலிருந்து இன்னும் சில பெட்டிகளுக்கு ஃபார்வர்டு வருகிறது என்று ஓரமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படி வரும் மெயில் எஸ்பிஎஃப்-இல் தோற்கத்தான் செய்யும், அனுப்பியவரின் பட்டியலில் அந்த இடைச் சர்வர் இருக்காது. அதன் ஐபியை டிரஸ்டட்_நெட்வொர்க்ஸ், இன்டர்னல்_நெட்வொர்க்ஸ் என்ற நம்பகமான சர்வர்களின் அமைப்பு வரிகள் இரண்டிலும் சேர்த்தால் ஸ்பாம்அசாசின் ஒரு படி பின்னால் போய் உண்மையான அனுப்புநரைப் பார்க்கும். ஆல்_டிரஸ்டட் (வந்த வழி முழுவதும் நம்பகமான சர்வர்கள்) என்ற வரி வெளியாள் மெயிலில் வருகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். வந்தால் இந்த இரண்டு அமைப்பும் தப்பாக இருக்கிறது.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் அளவை மீண்டும் 5-க்குக் கொண்டுபோங்கள். நம்பிக்கைப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். மொழி வரியை எடுங்கள். உங்கள் தமிழ் விதிகள் அத்தனைக்கும் முன்னால் # குறி போட்டு முடக்குங்கள், அழிக்க வேண்டாம். பிறகு லின்ட், அதாவது அமைப்புக் கோப்பின் பிழைச் சோதனையை, ஓட்டுங்கள். எழுத்துப் பிழை ஏதாவது இருந்தால் அப்போதே சொல்லிவிடும். விதிக் கோப்பை விண்டோஸில் திறந்து சேமிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்; பழைய முறையில் சேமித்துவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறி, லின்ட் வாரிக்கொட்டும். லின்ட் அமைதியானதும் பின்னணியில் ஓடும் ஸ்பாம்அசாசின் சேவையான ஸ்பாம்டியை மறுதொடக்கம் செய்யுங்கள். கோப்பை மாற்றிவிட்டு இதைச் செய்யாமல் “ஒண்ணும் மாறலையே” என்று தலையைப் பிய்த்துக்கொண்ட ராத்திரிகள் எனக்கு உண்டு. அன்பவுண்ட், பேயஸ் இரண்டும் அடுத்தடுத்த நாளில். தமிழ் விதிகள் கடைசியில், ஒவ்வொன்றாக.

ஆர்ஸ்பாம்டி என்ற இன்னொரு ஸ்பாம் ஃபில்டருக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் இப்போது மாறினால் இதே தவறான விதிகளையும் இதே 8.8.8.8-ஐயும் அங்கே தூக்கிக்கொண்டு போவீர்கள். இது ஓய்ந்த பிறகு பேசுவோம்.

ஸ்பாம் என்று முடிவான மெயிலை எந்தக் காரணத்துக்கும் சர்வரிலேயே அழிக்காதீர்கள். மெயிலைப் பெட்டி பிரித்துப் போடும் சீவ் விதி வைத்து ஸ்பாம் பெட்டிக்குத் தள்ளுங்கள், 30 நாள் கிடக்கட்டும். ஆய்வக அறிக்கை ஒன்று வழியில் காணாமல் போனால் லோடு நிற்கும். ஒரு லாட்டரி மெயில் உள்ளே வந்தால் யாரோ ஒருவர் அதை அழிக்க அரை நொடி ஆகும். இரண்டும் ஒரே தட்டில் வைக்கிற நஷ்டம் இல்லை என்று முதலாளியிடம் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மெயிலும் குறையும். பெரிய மாற்றங்களை நான் அந்த 61 நாளுக்குள்தான் வைத்துக்கொள்வேன்.

கடைசியாக, ஒரு கோப்புறை உண்டாக்குங்கள். அதில் இருபது நல்ல மெயில், இருபது கெட்ட மெயில், ஹெட்டரோடு முழுசாகச் சேமித்து வையுங்கள். விதியில் ஒரு புள்ளி மாற்றினாலும் அந்த நாற்பதையும், ஃபில்டர் ஓடும் அதே யூசராக, ஸ்பாம்அசாசினின் சோதனை முறையில் ஓட்டிவிட்டு, எந்த நல்லது 5-ஐத் தாண்டியது, எந்தக் கெட்டது தாண்டவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மறுதொடக்கம். நல்ல மெயில் வரிசையில் முதலாவதாக அந்தப் பரிசோதனை அறிக்கையையும், இரண்டாவதாகத் திருவிழா அழைப்பையும் போடுங்கள். மூன்றாவதாக உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழா அழைப்பு ஏதாவது கிடைத்தால் அதையும். நாற்பதும் தேறிய பிறகு இரண்டு சீட்டையும் மறுபடி அனுப்புங்கள், பார்ப்போம்.